உவர்க்கரைக் கொண்கன் அமராத அவை

நலம் சூழ்க. வெண்டுறை நாட்டின் கடலையும் கரையையும் ஒரு குடைக்கீழ் காப்பவரும், சங்குக் கொடியை மூன்று கழிமுகங்களிலும் நாட்டியவரும், வடபுலத்துப் பாசறையில் மாற்றார் மதில் நோக்கி எழுந்தருளியிருப்பவருமாகிய கோமான் நெடுந்திரையர் திருச்செவிக்கு, பேரவை முதல்வரும் பெருமந்திரியுமாகிய குறும்பொறையார் பணித்தபடி, ஓலைநாயகன் புன்னைவாயிலான் எழுதுவது. பாசறை யானைகள் பிணியின்றி இருக்க. குதிரைகளுக்குப் புல்லும் வீரர்க்குச் சோறும் குறைவின்றி வருக. பட்ட புண் விரைந்து ஆறுக. இங்கே தேவியார் நலம். நகரத்தார் நலம். பேரவையின் நலத்தைப் பற்றித்தான் இவ்வோலை.

வாழ்த்து முடிந்ததும் ‘கோமான் அமர்ந்து கேட்டருள்க’ என்னும் வரியை எழுதுவது நம் முன்னோர் வகுத்த முறை. இவ்வோலையில் அந்த வரி இல்லை. எழுதுவோனுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டான் என்று கருத வேண்டா. எழுத்தாணி பிடித்த கை அவ்வளவு எளிதில் மறக்காது. விட்ட காரணம் ஓலையின் கடைசியில் தானே விளங்கும்.

பாசறைக்குப் புறப்படுமுன் கோமான் பேரவைக்கு ஒரு கட்டளை விடுத்தருளினீர். உப்பளத்தில் பிறந்தார் அளம் விட்டுப் பெயரலாகாது, அவர் மக்களும் மக்கள்தம் மக்களும் அவ்வாறே என்பது அதன் சாரம். படைக்கு உப்பு தடையின்றி வரவேண்டும் என்பது அதன் நோக்கம். மழைக்கு முன் அவையின் இசைவு பெற்று முத்திரையிட்ட கட்டளை வந்தாக வேண்டும், இல்லையேல் மந்திரியின் பதவிக் கணையாழி வந்தாக வேண்டும் என்று பின்னும் ஓர் ஓலை வந்தது. மழை தொடங்கிவிட்டது. கட்டளை வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு வந்த தூதனுக்கு விடையாகவே இது விடுக்கப்படுகிறது.

கோமான் இளமையிலேயே முடிசூடி, பெரும்பொழுதைப் போர்முகத்தில் கழித்தவராதலின், அவை வழக்கை ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. அரியணைக்கு வலப்பக்கம் நிலக்கிழார்களும் படைத்தலைவர்களும் இருக்கும் வலவரிசை. இடப்பக்கம் ஊர்கள் தேர்ந்து அனுப்பிய குயவர், வலைஞர், உழவர், அளத்தார் இருக்கும் இடவரிசை. ஒரு கட்டளைக்கு இசையாதவர் எழுந்து நிற்பார். அவர் நிற்கும்வரை அவை கலையாது, அக்கட்டளை மீது முத்திரை விழாது. மந்திரி தம் கையால் மடித்த வெற்றிலையை அவருக்கு நீட்டுவார். அவர் பேச வேண்டியதைப் பேசி, கேட்க வேண்டியதைக் கேட்டு, மனம் இசைந்தால் வெற்றிலையை வாங்கிக்கொண்டு அமர்வார்; இசையாவிடில் அதைத் தட்டிவிடுவார். கையில் வைத்ததைத் தட்டாதிருத்தலும் இசைவே. எவரும் நில்லாதபோது, அவையின் முடிவை அறிவிக்கும் கூறுவோன், ‘நிற்பார் உளரோ’ என்று கேட்டு, ‘நிற்பார் இலர்’ என்று தானே அறிவிப்பான். அந்த இரண்டு சொல்லோடுதான் இந்நாட்டின் முத்திரை ஓலைகள் யாவும் முடிகின்றன. வெற்றிலை வாங்காதவர் எவரும் இந்த அவையில் இருந்ததில்லை, உவர்க்கரைக் கொண்கன் வரும்வரை.

அவனை அவன் என்று எழுதுவது அரச ஆணையால். அவை உறுப்பினர்க்குரிய பன்மை அவனிடமிருந்து பறிக்கப்பட்டதைக் கோமான் மறந்திரார்.

கொண்கன் உவர்க்கரை அளத்தில் பிறந்தவன். தாய் தந்தை இல்லாதவனை அக்கை அலரி என்பவள் உப்பு வாரி வளர்த்தாள். முதல் நாள் அவைக்கு வந்தபோது வாயிற்காவலர் அவன் காலைக் கழுவச் சொன்னார்கள். எத்தனை கழுவினும் விரலிடுக்கில் இருந்த வெள்ளை போகவில்லை. அவன் அப்படியே உள்ளே வந்தான். அரண்மனைக்கு அளத்தார் கூலியின்றி உப்பு சுமக்கும் வெட்டி வேலையை ஒழிக்க வேண்டும் என்று நின்றான். குறும்பொறையார் வெற்றிலை நீட்டினார். அமைச்சர் மடித்த வெற்றிலை நல்ல வெற்றிலைதான், ஆனால் வாய் சிவந்தால் பேச்சு வெளுத்துப்போகும் என்று சொல்லி மறுத்தான். அவையே சிரித்தது. குறும்பொறையாரும் சிரித்தார். ஒவ்வோர் உறுப்பினர்க்கும் எவ்வளவு சுண்ணாம்பு பிடிக்கும் என்று அறிந்து வைத்திருந்த அந்தக் கைக்கு, இவனுக்கு எப்படி மடிப்பதென்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

அதன் பின் அவன் நில்லாத நாள் குறைவு. தேர்த்திருவிழாவுக்கு வலைஞர் படகுகளைப் பறித்தபோது நின்றான். கோமானின் பிறந்தநாள் வாழ்த்துக்கு அவை முழுதும் குனிந்தபோது இவன் நிமிர்ந்து நின்று, வாழ்த்துவதில் தடையில்லை, குனிவதில்தான் முதுகு வலிக்கிறது, சிறுவயது முதல் குனிந்தே உப்பு வாரியதால் வந்த வலி என்றான். அதற்காக ஓராண்டு அவை நீக்கம் பெற்றான். அந்த ஆண்டில் ஊரில் சும்மா இருந்தானில்லை. அளத்தார் அனைவரையும் கூட்டி, விளைந்த உப்பை வாராமல் பாத்தியிலேயே விடச் செய்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியின் பொருள் அரண்மனை மடைப்பள்ளிக்கு அந்த மாதம்தான் விளங்கியது. அவனைக் கடல்நடுத் திட்டில் சிறை வைத்தார்கள். வெளிவந்ததும் உவர்க்கரையார் மீண்டும் அவனையே அவைக்கு அனுப்பினார்கள். வேறு ஆள் இல்லையா என்று அலுவலர் கேட்டதற்கு, ஆள் உண்டு, கால் இல்லை என்றார்களாம்.

வலவரிசை அவனை வெறுத்தது இயல்பு. வியப்பென்னவெனில், இடவரிசையும் அவனைத் தாங்கவில்லை. இடவரிசைத் தலைவர் காரிக்கிழார் நல்லவர், பொறுமையுள்ளவர், கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுவதே பெறுதல் என்று நம்புகிறவர். வெட்டி வேலையைப் பாதியாகக் குறைக்க வலவரிசையோடு அவர் பேசி முடித்தார். அது பெரிய காரியம்தான். எல்லாரும் அமர்ந்திருக்க, தன் வரிசைக்கு எதிராகவே கொண்கன் எழுந்து நின்றான். பாதி வெட்டியும் வெட்டியே, பாதி நஞ்சைக் குடித்தவன் பாதிதான் சாவானா என்று கேட்டான். பாதியும் போயிற்று. காரிக்கிழார் முகம் கறுத்து, அவனுடைய கோரைப்பாயைச் சுருட்டி வெளியே எறியச் சொன்னார். பாய் உங்களுடையது, தரை எல்லாருடையது என்று சொல்லிவிட்டு, அன்று முதல் இடவரிசையின் கோடியில் பாயில்லாத வெறுங்கல்லில் அவன் அமர்ந்தான். அவனோடு பேசுவார் எவரும் இல்லை. அவைக்கு வந்தால் அமைச்சர் மட்டுமே அவனை நோக்கித் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு நட்பா வழக்கமா என்று குறும்பொறையாருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை.

இனி அளக்கட்டளை. அது அவையில் படிக்கப்பட்டபோது கொண்கன் எழுந்தான். இடப்பக்கத்து மூன்றாம் தூணருகே போய் நின்றான். காலில் உவர்ப்புண் வெடித்திருந்தது. நிற்பவர்க்கு நீர் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்பது விதி. அன்று நின்றான். மறுநாளும் நின்றான். வலவரிசையார் முறைவைத்து உறங்கினார்கள். இடவரிசையார் அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். பிற்பகல் வெயில் சாளரத்தில் சாய்ந்திருந்த நேரம், அவன் தூணில் சாய்ந்து கண்மூடியிருப்பதைக் குறும்பொறையார் கண்டார். உறக்கம் என்று எண்ணினார். கணையாழி கேட்டு வந்த கோமானின் ஓலை அவர் மடியில் இருந்தது. வெற்றிலையை எடுத்துச் சென்று, மெல்ல, எழுப்பிவிடாமல், அவன் விரிந்த உள்ளங்கையில் வைத்தார். கை அதைத் தட்டவில்லை. இசைந்தான் என்று அமைச்சர் அறிவித்தார். அமரச் செய்யலாம் என்று தோளைத் தொட்டபோதுதான் உடல் குளிர்ந்து போயிருந்தது தெரிந்தது.

உறங்குபவன் கையில் வெற்றிலை வைப்பது அழகல்ல எனினும் தவறல்ல. இறந்தவன் கையில் வைப்பது என்ன என்று எந்த ஏட்டிலும் எழுதியில்லை. வலவரிசையார் அது இசைவே என்று வாதிட்டார்கள். அமைச்சர் அதை ஏற்றார். உடலை அளத்தார் வந்து எடுத்துப்போய்ப் பாத்திக்கரையில் புதைத்தார்கள். அரக்கு உருகிற்று. முத்திரை எடுத்து வைக்கப்பட்டது. கூறுவோன் நடுவில் வந்து, ‘நிற்பார் உளரோ’ என்று கேட்டு, நாற்புறமும் நோக்கி, ‘நிற்பார்’ என்று தொடங்கினான். அடுத்த சொல் வரவில்லை. அவன் பார்வை மூன்றாம் தூணின் அடியில் நின்றுவிட்டது. அங்கே இரண்டு ஈரக் காலடிகள் இருந்தன.

துடைத்தார்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதையும் துடைத்தார்கள். கூறுவோன் மறுபடி கேட்டான். காலடிகள் மறுபடி ஈரமாயின. கூரை ஒழுகுகிறது என்றார்கள்; ஏறிப் பார்த்தால் ஓடு உலர்ந்து கிடந்தது. எவனோ உவர்நீர் ஊற்றுகிறான் என்றார்கள். காவல் போட்டால் காவலர் அந்தத் தூணுக்கு முதுகு காட்ட அஞ்சினார்கள். கூறுவோன் நேர்மையானவன். தலையை எடுத்தாலும் இல்லாததை இல்லை என்பேன், இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வேன் என்று அழுதான். ஆகவே அவை கலையவில்லை. இன்றுவரை கலையவில்லை. கலையாத அவையிலிருந்து எவரும் வீடு செல்ல இயலாதாகையால், நாட்டின் பெரியவர்கள் அனைவரும் இந்த மண்டபத்திலேயே உண்டு, இந்த மண்டபத்திலேயே உறங்கி, தாடி வளர்ந்து, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள். முதல்வர்க்கு மட்டும் உணவுக்குப் போய்வர விலக்கு உண்டு.

போய்வந்து பயன் என்ன? குறும்பொறையாரால் உட்கார முடியவில்லை. இலை போட்டு மணை வைத்தால், அமரக் குனியும்போதே பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. திரும்பினால் எவரும் இல்லை. ஒருவர் நிற்க நாம் எப்படி அமர்வது என்ற கூச்சம், விருந்தினர் முன் வருமே, அந்தக் கூச்சம் அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறது. நின்றபடியே உண்கிறார். சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்கிறார். சாய்ந்து கண்ணயரும்போது உள்ளங்கை தானே விரிந்துகொள்கிறது. பதறி விழித்துக் கையைப் பார்க்கிறார். அவர் மனையாள் ஊரறிந்த பேயோட்டி ஒருவனை அழைப்பித்தாள். அவன் வேப்பிலையோடு வந்தான், வீட்டையும் பார்த்தான், அவையையும் எட்டிப் பார்த்தான், வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டான். பேய் என்றால் ஓட்டலாம், இது அவை உறுப்பினர், ஓட்டினால் குற்றம் என்று சொல்லித் தட்சிணையும் வாங்காமல் போய்விட்டான்.

நிற்பவரை அமர்த்த இன்னும் ஒரு வழி வழக்கில் உண்டு. வளர்த்தவர் வந்து அமர்க என்றால் அமரலாம். அமைச்சர் அலரிக்குப் பல்லக்கு விடுத்தார். தம்பியை அமரச் சொல்லுமாறு பணிந்து கேட்கும்படி தூதனிடம் சொன்னார். அலரி நடந்தே வந்தாள். பல்லக்கு வெறுமையாகப் பின்னால் வந்தது.

அவள் அவையில் பேசியதைத் திருத்தாமல் எழுதுக என்று அமைச்சர் பணித்திருப்பதால், அளத்துப் பேச்சு அப்படியே இங்கே பொறிக்கப்படுகிறது. வந்தவள் யாரையும் வணங்கவில்லை. அமைச்சரை நேரே பார்த்துக் கேட்டாள்.

“அய்யா, வெத்தலய எந்தம்பி வாங்குனானா, நீங்க வச்சீங்களா?”

பேரவை முழுதும் குறும்பொறையார் வாயைப் பார்த்தது. வலவரிசையில் ஒருவர் இருமினார். பிறகு அமைச்சர், “நான்தான் வைத்தேன், அம்மா” என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அமைச்சருக்கு எளிதாக இருந்திருக்கும். கட்டளையைப் படிக்கச் சொன்னாள். படித்தது இவ்வோலை எழுதுவோன்தான். அளத்தில் பிறந்தார் பெயரலாகாது, அவர் மக்களும், மக்கள்தம் மக்களும் என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். தன் மகள் வயிற்றில் இருப்பதும் இதில் சேர்த்தியா என்று கேட்டாள். சேர்த்தி என்று விடை தரப்பட்டது. எழுதுவோனின் வாய் அதைச் சொல்லியது. சொன்ன பின் அன்று முழுதும் நாவில் உவர்ப்பு போகவில்லை.

பிறகு அவள் மூன்றாம் தூணருகே சென்றாள். குனிந்து அந்த ஈரக் காலடிகளைப் பார்த்தாள். வலக்காலின் சுண்டுவிரல் கொஞ்சம் விலகியிருந்தது. அது அவள் தம்பியின் கால்தான் என்பதை அவள் முகத்திலிருந்தே நாங்கள் அறிந்தோம். முந்தானையால் அதன் ஓரத்தைத் துடைப்பதுபோல் கொண்டுபோய், துடைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். அமரச் சொல்லத்தான் போகிறாள் என்று கூறுவோன் தொண்டையைச் செருமி ஆயத்தமானான். அவள் நிமிர்ந்து, அந்தக் காலடிகளுக்குப் பக்கத்தில் தன் இரு கால்களையும் ஊன்றி நின்றாள். தூணைப் பார்த்துச் சொன்னாள்.

“எவ்வளவு நேரந்தான் நிப்ப, காலு வலிக்கும்லா. நீ உக்காருய்யா. நான் நிக்கேன்.”

கூறுவோன் தயங்கி, விதியைச் சொன்னான். அவைக்கு உரியார் அல்லாதார் நின்றால் அது நிலை ஆகாது, அம்மையார் நிற்பது கணக்கில் வாராது என்றான். விதி அதுவே. வலவரிசையில் பெருமூச்சு எழுந்தது. முத்திரையை யாரோ நகர்த்தும் ஓசையும் கேட்டது.

குறும்பொறையார் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அவர் வலவரிசையின் முதல் இருக்கைக்கு உரியவர். அவர் தந்தை அமர்ந்த இருக்கை அது. கணையாழி போனால் வீடு போகும், பட்டம் போகும், பாசறையிலிருந்து கோமான் திரும்பினால் தலையும் போகலாம் என்பதை அவர் அறியாதவரல்லர். தட்டைத் தரையில் வைத்தார். அவையின் நடுவழியைக் கடந்து இடப்பக்கம் சென்றார். மூன்றாம் தூணருகே, அலரிக்கு அடுத்து, நின்றார். இத்தனை நாளும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆயினும் தாமாக நின்றது அப்போதுதான். உட்கார விடாமல் முழங்காலைப் பிடித்திருந்த ஒன்று அந்த நொடியில் விட்டுவிட்டது என்று பின்னர் அவரே சொன்னார்.

அடுத்து எழுந்தவர் காரிக்கிழார். வந்து நின்றவர் அழுதுகொண்டிருந்தார். பின் இடவரிசையில் பலர் எழுந்தனர், வலவரிசையில் சிலர். எல்லாரும் எழுந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகும். வலவரிசையில் பெரும்பாலோர் அமர்ந்தே இருக்கிறார்கள். இவ்வோலை எழுதப்படும் இப்போதும் அமைச்சரைக் கிறுக்கர் என்று ஏசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதவில்லை. கோமான் திரும்பியபின் அவர்களே வந்து சொல்வார்கள்.

கூறுவோன் முறைப்படி நடுவில் வந்தான். கேள்வியைக் கேட்குமுன் வழக்கம்போல் மூன்றாம் தூணடியைப் பார்த்தான். அங்கே அலரியின் கால்களும் அமைச்சரின் கால்களும் இருந்தன. நடுவில் இருந்த ஈரம் உலர்ந்திருந்தது. உப்பும் பூக்கவில்லை. அவன் கண் தேடிக்கொண்டே போய், இடவரிசையின் கோடியில், பாயில்லாத அந்த வெறுங்கல்லில் நின்றது. அங்கே ஓர் ஆள் சம்மணமிட்டு அமர்ந்தால் எவ்வளவு இடம் பிடிப்பானோ அவ்வளவு இடம் நனைந்திருந்தது. அலரி அதைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

கோமான் பறித்த பன்மையை எழுதுவோன் இந்த வரியிலிருந்து தன் பொறுப்பில் திருப்பிக் கொடுக்கிறான். உவர்க்கரைக் கொண்கனார் அமர்ந்துவிட்டார். அவரால் இனி கோமானுக்கு இடர் இல்லை.

ஆதலின் பேரவை வழக்கின் பெயரால் கோமானுக்கு அறிவிக்கப்படுவது இது. அளக்கட்டளையின் ஏடு முத்திரையின்றி இத்துடன் திருப்பி விடுக்கப்படுகிறது, அதைக் கிழித்தருள்க. கிழிக்கத் திருவுளம் இல்லையெனில், நிற்பவருள் மந்திரியும் ஒருவராதலாலும், வெற்றிலை மடிக்க அவைக்கு வேறு கை இன்மையாலும், கோமானே எழுந்தருளித் தம் திருக்கையால் மடித்து, நிற்கும் ஒவ்வொருவருக்கும் நீட்டி, ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டு முடிக்க வேண்டும். உறங்கும் கையில் வைக்கலாகாது என்ற புது விதியை அவை நேற்றே ஏட்டில் ஏற்றிவிட்டது. பெருமந்திரியின் கணையாழி, கேட்டருளியபடியே, ஓலைக் கயிற்றின் முடிச்சில் கோத்து அனுப்பப்படுகிறது.

கோமானை அமர்ந்து கேட்கச் சொல்லும் வரியை விட்ட காரணம் இப்போது விளங்கியிருக்கும். எழுதியவன் நிற்கிறான், தூணில் ஏட்டை வைத்து எழுதியதால் எழுத்துக் கோணல், பொறுத்தருள்க. கொண்டுவரும் தூதனும் பாசறை வாயிலில் ஆசனம் கொடுத்தால் ஏற்கமாட்டான்.

இவை குறும்பொறையார் சொல். இவை ஓலைநாயகன் புன்னைவாயிலான் எழுத்து. இவை அலரி கைந்நாட்டு, நிமிர்ந்த கோடு ஒன்றும் அருகே மற்றொன்றும். கடல் வற்றாதிருக்க, உப்பு விளைக, விளைவித்தார் விரும்பிய திசைக்குப் பெயர்க. அரக்கு இடப்படவில்லை, முத்திரை விழவில்லை.

நிற்பார் உளர்.